திரையின் இடது மேல் மூலை

கண் மருத்துவமனையின் மூன்றாவது மாடியில், நடைவழி முடிகிற இடத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறை இருந்தது. அங்கே வேலை பார்த்தவளுக்கு நூல்காரி என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவள் பக்கத்து அறையில் கண்ணுக்கு மருந்து விடும் சொட்டு அக்கா. காரணம் இல்லாமல் வைக்கவில்லை. விழித்திரை வெளிச்சத்தைப் பார்த்ததும் துளியூண்டு மின்சாரத்தை உண்டாக்குகிறது. அதை அளப்பதற்கு, முடியைவிட மெல்லிய, வெள்ளிப் பூச்சுள்ள நூல் ஒன்றைக் கீழ் இமையோரம் படுக்க வைக்க வேண்டும். வேறு யாராவது வைத்தால் நோயாளி துள்ளுவார், கண்ணீர் கொட்டும், நூல் சுருண்டுகொள்ளும். இவள் வைத்தால், "எப்பம்மா வைக்கப்போற?" என்று கேட்பார்கள். அதற்குள் வைத்து முடித்து, கன்னத்தில் டேப்பும் ஒட்டியிருப்பாள்.

வயது முப்பத்தெட்டு. அண்ணன் வீட்டில், துணி காயப்போடும் பால்கனியை ஒட்டிய சின்ன அறை அவளுடையது. அண்ணி கெட்டவள் இல்லை. வாய்தான் சும்மா இருக்காது. "நாள் முழுக்க உலகத்துல உள்ளவங்க கண்ணையெல்லாம் உத்து உத்துப் பாக்கறே. உன்னை ஒருத்தரும் பாக்கலையேடி," என்பாள், துணி மடித்துக்கொண்டே. அண்ணன் செய்தித்தாளை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொள்வான். நூல்காரி சிரித்துவிட்டுப் போய்விடுவாள். அந்த லிஃப்ட்காரர் வந்து நாற்காலியில் உட்காரும்வரை, அது சிரித்துவிட்டுப் போய்விட முடிகிற பேச்சாகத்தான் இருந்தது.

அவர் வந்த கதையே வேடிக்கை. ஒரு நாள் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுபோயிற்று. உள்ளே மாட்டிக்கொண்டது டாக்டரம்மா. லிஃப்ட் கம்பெனியிலிருந்து ஓடிவந்த மெக்கானிக், கதவை நெம்பித் திறந்து, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு கையை நீட்டினார். டாக்டரம்மா கையைப் பிடிக்கவில்லை. டார்ச்சை வாங்கி அவர் முகத்திலேயே திருப்பினார்.

"உங்களுக்கு என்ன வயசு?"

"நாப்பத்து மூணு. மேடம், முதல்ல வெளிய வாங்க."

"கண்ணாடி போடறதில்லையா? வீட்ல யாருக்காவது கண் அழுத்தம் உண்டா? சர்க்கரை?"

"ஒண்ணும் இல்ல மேடம். கால இங்க வைங்க."

"ரொம்ப நல்ல கண்ணு. என் ஆய்வுக்கு வரணும் நீங்க."

இப்படி இரண்டு மாடிகளுக்கு நடுவில் தொங்கிக்கொண்டு ஆள் பிடித்ததை, சொட்டு அக்கா பல நாள் நடித்துக் காட்டினாள்.

டாக்டரம்மாவின் ஆய்வு இதுதான். விழித்திரையில் கடைசியாக நின்று, கண் பார்த்ததையெல்லாம் மூளைக்கு அனுப்புகிற நரம்பணுக்கள் உண்டு. கண்ணில் அழுத்தம் கூடினால் முதலில் சோர்ந்துபோகிறவை அவைதான். அவை எப்படி இருக்கின்றன என்று கேட்டறிய இரண்டு சோதனைகள் இருந்தன. ஒன்றில், திரையில் கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கப் பலகை மாதிரிக் கட்டங்கள் தெரியும். கறுப்பு வெள்ளையாகும், வெள்ளை கறுப்பாகும், மாறிக்கொண்டே இருக்கும். நோயாளி நடுவில் உள்ள சிவப்புப் புள்ளியையே பார்க்க வேண்டும். இன்னொன்றில், கண்ணின் நடுவில் உள்ள பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்தை விட்டு, வெள்ளைக் கிண்ணம் ஒன்றுக்குள் முகத்தை வைக்கச் சொல்வார்கள். கிண்ணம் முழுவதும் நீல வெளிச்சம். அதன்மேல் சிவப்பு மின்னல் விட்டுவிட்டு அடிக்கும். இரண்டிலும் கணினியில் ஒரு கோடு எழும்: முதலில் மேடு, அப்புறம் பள்ளம். அந்தப் பள்ளம்தான் நரம்பணுக்கள் கொடுக்கும் குரல்.

அறைக்குள் யாரும் சோதனைகளின் முழுப் பெயரைச் சொல்வதில்லை. கட்டம், மின்னல், அவ்வளவுதான். "கட்டத்துல உக்கார வச்சிட்டியா?" "மின்னல் முடிஞ்சுது, அனுப்பு." இரண்டில் எது நம்பத் தகுந்தது என்பதே டாக்டரம்மாவின் கேள்வி. அதே ஆளை, அதே கண்ணை, வேறு வேறு நாளில் கேட்டால் அதே பதிலைச் சொல்வது எது? நோய் உள்ளவர்களை மட்டும் கேட்டால் போதாது. நோயே இல்லாதவர்களையும் பல முறை வரவழைத்துக் கேட்க வேண்டும். பதில் முன்னுக்குப் பின் முரணாக வந்தால் அந்த ஆள் இன்னொரு முறை வர வேண்டும். விதி அப்படி.

முதல் நாள் லிஃப்ட்காரர் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார். வேலை உடுப்பை மாற்றிக்கொண்டு, தலை வாரி, சோப்பு வாசனையோடு வந்திருந்தார். நகக்கண்ணில் மட்டும் தேய்த்தும் போகாத கிரீஸ் கோடு. இன்னொரு ஒயரை ஒட்டுவதற்காகப் பசை தொட்டு அவருடைய நெற்றிப்பொட்டைத் துடைத்தபோது, நரைக்கத் தொடங்கிய முடிக்குள் ஒரு பழைய தழும்பு விரலில் தட்டுப்பட்டது.

"இது என்ன?"

"கம்பி முத்தம் கொடுத்துது."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். சிரித்தால் கை ஆடும், நூல் நகரும்.

நூல் வைக்கும்போது முகத்துக்கும் முகத்துக்கும் ஒரு சாண் தூரம்தான். ஆனால் அந்த நேரத்தில் நோயாளியை மேலே பார்க்கச் சொல்வாள். அவர்கள் கூரையைப் பார்ப்பார்கள், அவள் இமையைப் பார்ப்பாள். வைத்து முடித்ததும் பின்பக்கம் போய், இடது ஓரத்தில் உள்ள உயரமான ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வாள். அப்புறம் அவளுக்குத் தெரிவதெல்லாம் பின்னந்தலையும் கோடுகளும்தான். இத்தனை வருஷ வேலையில் அவள் மனதில் நின்றவை பின்னந்தலைகள். வழுக்கை, சுழி, காலர் கசங்கியது, எண்ணெய் வழிவது. லிஃப்ட்காரரின் பின்கழுத்தில் வெயில் பட்ட இடமும் படாத இடமும் கோடு போட்ட மாதிரிப் பிரிந்திருந்தன. அந்தக் கோட்டை அவள் வீட்டுக்குப் போயும் நினைத்துக்கொண்டாள்.

அவர் பேசுவார். பசை காய்கிறவரை பேசலாம்.

"லிஃப்டுக்குள்ள எதுக்குக் கண்ணாடி வைக்கறாங்க தெரியுமா?"

"தலை வாரத்தான்."

"அதுவும்தான். நின்னுக்கிட்டே போறது சலிப்புத் தட்டக் கூடாதில்ல, அதுக்கு. ஆனா இன்னொண்ணு பாத்திருக்கேன். யாரும் யாரையும் நேரா பாக்கமாட்டாங்க. தப்பா எடுத்துக்குவாங்கன்னு பயம். கண்ணாடியில பாத்துக்குவாங்க. அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்றதில்ல."

"நீங்களும் அப்படித்தான் பாப்பீங்களா?"

"நான் லிஃப்டுக்கு மேல நிக்கற ஆளு. எனக்குக் கயிறுதான் தெரியும்."

மருத்துவமனையில் எல்லோரும் அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், அவள் நர்ஸ் இல்லை என்று தெரிந்தவர்கள்கூட. லிஃப்ட்காரர் மட்டும் அந்தச் சொல்லை வாயில் எடுக்கவில்லை. "இங்க பாருங்க", "ஏங்க", "வந்துட்டேங்க" என்று அதைச் சுற்றிக்கொண்டே போனார். சொட்டு அக்காதான் இதைக் கண்டுபிடித்தாள்.

"என்னை வாய் நிறைய சிஸ்டர்ங்கறாரு. உன்கிட்ட வந்தா மட்டும் நாக்கு சுளுக்கிக்குது."

"சும்மா இருக்கா."

"நான் சும்மாதான் இருக்கேன். நீதான் அவர் வர்ற நாள்ல இஸ்திரி போட்ட புடவை கட்டிக்கிட்டு வர்றே."

அவருக்கு மனைவி இல்லை. இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. தம்பி வீட்டு மாடியில் ஓர் அறையில் இருந்தார். இதை அவள் கேட்டு அவர் சொல்லவில்லை. டாக்டரம்மாவின் கேள்விகளுக்கு அவர் பதில் சொல்லும்போது, நூலைப் பிரிக்கிற சாக்கில் நின்று கேட்டுக்கொண்டதுதான். இன்னொன்றையும் அப்படியே கேட்டாள். கம்பெனி அவரை ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாற்றிவிட்டது. இந்தக் கட்டடத்து லிஃப்டுக்கு இனி வேறு ஆள் வருவார்.

"அப்போ ஆய்வுக்கு?" என்றார் டாக்டரம்மா.

"லீவு நாள்ல வர்றேன் மேடம். ஒத்துக்கிட்டாச்சே."

ரெண்டு பஸ் மாறி வந்தார். வர வேண்டிய முறைகள் முடிகிற நேரத்தில்தான் கட்டம் தகராறு செய்யத் தொடங்கியது. மின்னல் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி, அச்சில் வார்த்ததுபோல் வந்தது. கட்டத்தின் மேடு மட்டும் ஒரு வாரம் குறைந்தது, அடுத்த வாரம் இன்னும் குறைந்தது. பள்ளமும் கூடவே தூர்ந்துகொண்டு வந்தது. விதிப்படி அவர் இன்னொரு முறை வர வேண்டும். அப்புறம் இன்னொரு முறை.

முதலில் நூல்காரிக்கு அது சந்தோஷமாக இருந்தது. தாழ்ந்த கோட்டைப் பார்த்ததும், "திரும்ப வர வேண்டியிருக்கும்," என்று சொல்லும்போது குரலில் அது தெரிந்துவிடக் கூடாதே என்று இருமிக்கொண்டாள். அவரும், "அதனால என்ன, வந்துட்டா போச்சு," என்றார், பரீட்சையில் தோற்றதற்குப் பரிசு வாங்கிய மாதிரி.

டாக்டரம்மா அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. கோடுகளை மேஜையில் வரிசையாகப் பரப்பிவைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

"ரெண்டு டெஸ்டும் ஒரே நரம்பணுகிட்டத்தான் கேக்குது. மின்னல் நல்லா இருக்கேங்குது, கட்டம் முடியலங்குது. நோய் ஆரம்பத்துல சில பேருக்குக் கட்டம்தான் முதல்ல தடுமாறும். அப்படி ஏதாவது இருந்துடப் போகுது."

நூல்காரி மேஜைமேல் இருந்த கோடுகளைத் திரும்பப் பார்த்தாள். தாழ்ந்த கோட்டைப் பார்த்து மகிழ்ந்தவள் அவள்தானே.

லிஃப்ட்காரரைக் கீழ்த்தளத்துக்கு அனுப்பி, நரம்பின் தடிமனைப் படம் எடுத்தார்கள், அழுத்தம் பார்த்தார்கள், பார்வையின் எல்லையை அளந்தார்கள். முடிவு வரும்வரை அவர் நடைவழி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவள் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"கண்ணு கொஞ்சம் போனா பரவால்லன்னு சொல்ல முடியாதுங்க என் வேலையில," என்றார். "பத்து மாடிக் குழிக்கு மேல ஒரு பலகையில நிக்கணும். காலு வைக்கற இடம் தெரியணும்."

"ஒண்ணும் இருக்காது."

"நீங்க சொன்னா சரி."

நீங்க சொன்னா சரி என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. அண்ணன் வீட்டில் அவள் சொன்னால் எதுவும் சரியாவதும் இல்லை, தப்பாவதும் இல்லை. அவள் காலி டம்ளரை வாங்கிக்கொண்டு, அதை வைக்க இடம் தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். அன்று அறைக்குள் போய்த் தனக்குள் வேண்டிக்கொண்டாள்: அவர் இனி வரவே வேண்டாம். கண் நன்றாக இருந்தால் போதும்.

வேண்டுதலில் பாதி பலித்தது. கீழே எடுத்த எல்லாமே சுத்தமாக இருந்தன. நோய் இல்லை.

"அப்போ கட்டம்தான் பொய் சொல்லுது," என்றார் டாக்டரம்மா. "நோயே இல்லாதவருக்கு இவ்வளவு ஏறி இறங்கினா, இந்த டெஸ்டை எப்படி நம்பறது? இன்னும் ஒரே ஒரு தடவை வரச் சொல்லு. அப்பவும் இப்படித்தான்னா, கட்டத்தை நம்ப முடியாதுன்னு எழுதிட வேண்டியதுதான். அவரையும் இனிமே இழுத்தடிக்க வேண்டாம்."

ஒரே ஒரு தடவை. அதற்கு மேல் அவருக்கு இந்தப் பக்கம் வேலை இல்லை. அவரை வரச் சொல்ல அவளிடம் காரணமும் இல்லை. காரணம் இல்லாமல் ஒருவரை வாங்க என்று சொல்கிற தைரியம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே கிடையாது. பள்ளிக்கூடத்தில் தண்ணீர் குடிக்கக்கூட மற்றவர்கள் எழுந்த பிறகு எழுந்தவள்.

ஆனால் தன் கையால் எடுத்த கோடு பொய் என்று இன்னொருவர் சொல்வதை அவளால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நூல் சரி, பசை சரி, தூரம் சரி. மற்ற எவருக்கும் கட்டம் இப்படி ஆடவில்லை. அப்படியானால் அந்த நாற்காலியில் இவர் உட்காரும்போது மட்டும் என்ன ஆகிறது?

மத்தியானம், நோயாளிகள் ஓய்ந்த நேரத்தில், சொட்டு அக்காவைப் பிடித்து இழுத்துவந்தாள்.

"அக்கா, நீ என் ஸ்டூல்ல உக்காரு. நான் நோயாளி. பட்டனை மட்டும் தட்டு."

"நான் டீ குடிக்கணும்."

"உக்காந்துக்கிட்டே குடி."

அறையின் விளக்கை மங்கலாக்கிவிட்டு, நூல்காரி நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரே இருந்தது பழைய பெட்டி டிவி மாதிரியான கனத்த திரை. தட்டையான புதுத் திரைகளில் கட்டம் மாறும்போது வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு குதி குதிக்கும், கோட்டைக் கெடுக்கும் என்று டாக்டரம்மா இதையே வைத்துக்கொண்டிருந்தார். முன்புறம் தடித்த கண்ணாடி. கட்டங்கள் மாறத் தொடங்கின. சிவப்புப் புள்ளி நடுவில் இருந்தது. எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

அப்போது, கண்ணாடியின் இடது மேல் மூலையில், சின்னதாக ஒரு முகம் பிஸ்கட் கடித்தது.

நூல்காரி திரும்பிப் பார்த்தாள். சொட்டு அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து, கணினி வெளிச்சம் மூஞ்சியில் அடிக்க, டீயில் நனைத்த பிஸ்கட்டை விழாமல் பிடிக்கிற பாடு பட்டுக்கொண்டிருந்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள். மூலையில் அதே முகம். பின்னால் இருப்பது முன்னால் தெரிந்தது. காற்றாடிக்குக் கீழே வரட்டும் என்று, ஆய்வு தொடங்குவதற்கு முன்னால் ஸ்டூலையும் மேஜையையும் இந்தப் பக்கம் நகர்த்திப் போட்டவள் அவளேதான்.

அந்த முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். பார்க்கும்போதே கட்டங்கள் கலங்கிச் சாம்பல் நிறமாகிவிட்டன. நிழல் கண்ணாடியின்மேல் இல்லை; கண்ணாடிக்கு உள்ளே, தூரத்தில், இன்னோர் அறையில் இருப்பதுபோல் இருந்தது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் கண் அவ்வளவு தூரம் போக வேண்டும். அப்படிப் போனால் பக்கத்தில் உள்ள கட்டம் மங்கிவிடும். மங்கின கட்டத்துக்கு நரம்பணு எப்படிப் பதில் சொல்லும்? மின்னலுக்கு இந்தத் தொல்லை இல்லை. கிண்ணத்துக்குள் எங்கே பார்த்தாலும் மின்னல் மின்னல்தான்.

"என்னடி ஆச்சு, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?"

"அக்கா, எனக்குக் காய்ச்சல்னு ஒரு நாள் வரல. அன்னைக்கு லிஃப்ட்காரருக்குக் கட்டம் எடுத்தது நீதானே?"

"ஆமா. நூல் வைக்கறதுக்குள்ள அவரு கண்ணுல வெள்ளமே வந்துடுச்சு. ஆனா கோடு ஜம்முனு வந்துதே. டாக்டரம்மாவே பாராட்டுனாங்க."

ஆமாம். கோடு தாழ்ந்த நாட்களுக்கு நடுவில் அந்த ஒரு நாள் மட்டும் மேடு உயரமாகவும் பள்ளம் ஆழமாகவும் இருந்தது. அது ஏதோ தப்பி வந்தது என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

நூல்காரி மூலையைக் கையால் காட்டினாள். சொட்டு அக்கா எழுந்து வந்து, நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். அவளுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்போ நான் உக்காந்த அன்னைக்கு மட்டும் மனுஷன் ஒழுங்கா சிவப்புப் புள்ளியைப் பாத்திருக்காரு. அப்படித்தானே?"

"தெரியலக்கா."

"எனக்குத் தெரியுது. என் மூஞ்சிக்கு இப்படி ஒரு அவமானம் நடந்ததே இல்ல." சொட்டு அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சரி, இப்ப என்ன பண்ணப்போற?"

அதுதான் கேள்வி. அவள் ஒன்றும் செய்யாமல் இருந்தால், அவர் கடைசியாக ஒரு முறை வந்து மூலையைப் பார்ப்பார். கோடு தாழும், டாக்டரம்மா கட்டத்தை நம்ப முடியாது என்று எழுதிவிடுவார். அவர் கண்மீது ஒரு சந்தேகமும் காகிதத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆற்றுக்கு அந்தப் பக்கத்தில், குழிக்கு மேல் பலகையில் நின்றுகொண்டு அவர் தன் கண்ணைத் தானே நம்பாமல் இருப்பார். மறைப்பு ஒன்றைக் கட்டினால் உண்மை தெரியும். ஆனால் அவர் அவளைத்தான் பார்த்தார் என்பது, அவளைப் பார்க்க முடியாமல் போகும்போதுதான் நிரூபணமாகும். நிரூபணமான அன்றைக்கே அவர் வருவதும் முடிந்துவிடும்.

அவள் பழைய கறுப்புத் திரைத்துணி ஒன்றைத் தேடி எடுத்து, ஸ்டூலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் கம்பி கட்டித் தொங்கவிட்டாள்.

கடைசி முறை வந்த அன்று மழை. அவர் குடையை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்ததும் துணியைப் பார்த்தார்.

"இது என்னங்க புதுசா?"

"கண்ணாடியில நிழல் விழுது. அதுனாலதான் கட்டம் சரியா வரலன்னு தோணுது."

அவர் திரையின் மூலையை ஒரு தடவை பார்த்தார், துணியை ஒரு தடவை பார்த்தார். அவள் பசையை எடுத்தாள். நெற்றிப்பொட்டைத் துடைக்கும்போது, காது மடல் விரலில் சுட்டது.

"இந்த மிஷின் இதையெல்லாம்கூடவா காட்டிக் கொடுக்கும்?" என்றார், ரொம்ப மெதுவாக.

"மேல பாருங்க," என்றாள் அவள். நூல் வைக்க வேண்டியிருந்தது. எத்தனையோ கண்களுக்கு வைத்த கை, அன்று முதல் முறையாக ஒரு தடவை தவறி, இரண்டாம் தடவைதான் நின்றது.

"முதல்லயே சொல்லியிருந்தா நேரா பாத்திருப்பேனே."

"எதை?"

கூரையைப் பார்த்தபடியே சொன்னார். "புள்ளியைத்தான்."

அவள் துணிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். பின்னந்தலை தெரியவில்லை. பின்கழுத்துக் கோடு தெரியவில்லை. கறுப்புத் துணியும் கணினியும் அவளும்தான். பட்டனைத் தட்டினாள். கோடு முதலில் நடுங்கிற்று. அப்புறம் ஒவ்வொரு கட்டம் மாறும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து, மேடு எழுந்தது, எழுந்துகொண்டே போனது. அதன் பின்னால் பள்ளம் ஆழமாக, அகலமாக இறங்கியது. இதுவரை பார்த்த எந்த நல்ல கண்ணுக்கும் சளைத்ததில்லை. இத்தனை நாளும் தாழ்ந்த தாழ்வெல்லாம் என்னவென்று அந்த மேடு இப்போது சொல்லிற்று. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். துணியை ஒதுக்கி எட்டிப் பார்க்கலாம். எட்டிப் பார்த்தால் கோடு விழுந்துவிடும். கையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கட்டம் முடிந்து, பாப்பா விரிய அவருக்குச் சொட்டு அக்கா மருந்து விட்டாள். அது ஏறுவதற்குள் நூல்காரி கோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள். டாக்டரம்மா பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அடேயப்பா. என்ன பண்ணே?"

"திரைக் கண்ணாடியில ஒரு நிழல் விழுந்துது மேடம். நான்தான் மேஜையை மாத்திப் போட்டேன், அதுனால வந்தது. புள்ளியை விட்டுட்டு அவரு அதைப் பாத்திருக்காரு. நடுவுல துணி கட்டினேன்."

"நல்லதாப் போச்சு. கட்டத்துமேல பழி போட இருந்தேன். கண்ணு வேற இடத்துக்குப் போனா கட்டம் தடுமாறும், மின்னல் தடுமாறாது. இதையும் ஆய்வுல சேர்த்துக்கணும்." பேனாவைத் திறந்தார். "எதோட நிழல்?"

நூல்காரி தரையைப் பார்த்தாள்.

"டெஸ்ட் எடுக்கறவங்களோடது மேடம்."

பேனா பாதியில் நின்றது. டாக்டரம்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். பிறகு கோடுகளைப் பார்த்தார். நடுவில் நன்றாக வந்த அந்த ஒன்றின் தேதியைப் பார்த்தார். பேனாவை மூடி வைத்தார்.

"சரி," என்றார். "நீ போ. மின்னலை முடி."

மின்னல் எப்போதும்போல் வந்தது. சொல்வதற்கு அதில் ஒன்றும் இல்லை. நூல்களை எடுத்தாள், பசையைத் துடைத்தாள்.

"உங்க கண்ணு நல்லா இருக்கு. ரெண்டு டெஸ்டும் ஒரே பதில் சொல்லிடுச்சு."

"இனிமே வர வேண்டாமா?"

"வேண்டாம்."

அவர் எழுந்து, தட்டித் தடவி நடைவழிக்குப் போனார். பாப்பா விரிந்தவர்கள் மருந்து இறங்கும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதுவரை வெளிச்சம் கூசும், பக்கத்தில் உள்ளது எதுவும் தெளியாது. தூரத்தில் உள்ளது மட்டும் தெரியும். இதை ஒவ்வொரு நோயாளிக்கும் சொல்லிச் சொல்லி அவளுக்கு மனப்பாடம்.

அறைக்குள் அவள் கறுப்புத் துணியைக் கழற்றினாள். மடித்தாள். விளக்கை மங்கலாக்கிவிட்டு, என்ன தோன்றிற்றோ, நோயாளியின் நாற்காலியில் உட்கார்ந்து மூலையைப் பார்த்தாள். காலி ஸ்டூலும் கணினியின் வெளிச்சமும் தெரிந்தன. கட்டைவிரல் நகமளவு இடம். ரெண்டு பஸ் மாறி வந்து ஒரு மனிதன் இந்த நகமளவுக்குள் அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறான். அவள் எழுந்தாள்.

நடைவழியில் யாரும் இல்லை. அவர் பெஞ்சில், வெளிச்சம் கூசாமல் இருக்கக் கொடுத்த கறுப்புக் காகிதக் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கியபடி உட்கார்ந்திருந்தார். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். யாருக்கும் பின்னால் இல்லாமல், யாருடைய இமையையும் பார்க்காமல், வேலை எதுவும் இல்லாமல் உட்கார்ந்தாள். எங்கே கையை வைப்பது என்று தெரியவில்லை.

அவர் அவள் பக்கம் திரும்பினார். நேராகத்தான் திரும்பினார்.

"யாருன்னு தெரியுது," என்றார். "முகம்தான் தெரியல. மொத்தமா கலங்கியிருக்கு."

"மருந்து. கொஞ்ச நேரம் அப்படித்தான் இருக்கும்."

"பஸ் வந்துடுமே."

மழை ஜன்னலில் தட்டிக்கொண்டிருந்தது. அவர் காகிதக் கண்ணாடியை மடித்தார், பிரித்தார்.

"தூரத்துல இருக்கறது தெரியும்னீங்களே."

"ஆமா. தூரம் தெரியும்."

அவள் எழுந்துகொண்டாள். நடைவழியில் ஓர் அடி பின்னால் போனாள், திரும்பாமல், அவரைப் பார்த்தபடியே. "இப்போ?"

"இல்ல."

இன்னும் போனாள். சொட்டு அக்காவின் அறை வாசலைத் தாண்டினாள். உள்ளே ஒரு டம்ளர் சத்தம் நின்றுபோயிற்று.

"இப்போ?"

"மூக்கு வருது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் நிறைந்தது. இன்னும் பின்னால் போய், லிஃப்ட் கதவில் முதுகு முட்டியதும் நின்றாள். அவ்வளவு தூரத்தில் அவர் முகம் அவளுக்குச் சின்னதாகத் தெரிந்தது.

"அங்கதான்," என்று நடைவழியின் அந்தக் கோடியிலிருந்து அவர் குரல் வந்தது. "அங்கேயே ஆடாம நில்லுங்க."

நின்றாள். மேலே பாருங்க, நேரா பாருங்க, சிமிட்டாதீங்க என்று எல்லோருக்கும் சொன்னவள், எங்கே பார்ப்பது என்று தெரியாமல், அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதுகுக்குப் பின்னால் லிஃப்ட் ஏறி வரும் அதிர்வு கதவில் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் மெதுவாக வரட்டும் என்று இருந்தது அவளுக்கு.